ஆட்பொதியும் தாட்பொதியும்: சின்னமனூர்ச் சுங்கவியலுக்கு ஒரு முன்னுரை

1070இல் பட்டமேறிய முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று ஒரு பெயர் உண்டு. ஒருவன் தவிர்த்ததற்கே வரலாறு இவ்வளவு கொண்டாடுகிறது. அதே வேலையை அன்றாடம் செய்ய முயன்று தோற்கும் சின்னமனூர்க்காரர்களுக்கு ஒரு துண்டுக் கல்வெட்டு கூடக் கிடையாது. அந்தக் குறையை நீக்கவே இவ்வாய்வு. ஆய்வுக் களம், எங்கள் தெரு. ஆய்வுக் காலம், ஒரு பேனா நிப்பு கடல் கடந்து வந்து சேர எடுத்துக்கொண்ட ஏழு மாதம். நிதி நல்கியது என் சட்டைப் பை.

முன்னோர் இத்துறையைத் தொடாமல் இல்லை. வள்ளுவர் 756ஆம் குறளில் ‘உல்கு’ என்று பெயர் சொல்லி அதை அரசன் சொத்தில் சேர்த்துவிட்டார். பட்டினப்பாலை, புகார்த் துறையில் பொதிகளின் மேல் புலி முத்திரை குத்தியதைக் கண்ணில் காட்டுகிறது. அர்த்தசாஸ்திரம் இன்னும் ஒருபடி மேலே போய், சுங்கச் சாவடி கிழக்கு பார்த்து இருக்க வேண்டும், இல்லையென்றால் வடக்கு பார்த்து இருக்க வேண்டும் என்று வாஸ்து வரைக்கும் பேசுகிறது. எல்லாம் சரி. ஆனால் இந்த மூன்று நூலும் வாங்குகிற கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதியவை. வெளியே வரிசையில் நிற்கிறவன் எழுதியதாக எனக்குத் தெரிந்து இதுதான் முதல் நூல்.

எங்கள் ஊர்ச் செப்பேடுகளையும் இங்கே மறுவாசிப்புச் செய்ய வேண்டியிருக்கிறது. பாண்டியர் காலத்துச் சின்னமனூர்ப் பெரிய செப்பேடு, மாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் மதுராபுரியில் சங்கம் வைத்ததையும் சொல்கிறது என்று தமிழாசிரியர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். அடிப்படையில் ஒரு நிலக்கொடைச் செப்பேடு என்பது என்ன? ‘இவரிடம் வரி கேட்காதே’ என்று அரசனிடம் வாங்கி வைத்துக்கொண்ட சீட்டு. ஓலையில் வாங்கினால் செல்லரிக்கும் என்று செம்பில் வாங்கியிருக்கிறார்கள். ஊருக்கு இந்த முன்யோசனை அன்றைக்கே இருந்திருக்கிறது.

இனி நூற்பா.

ஆளொடு வருவது ஆட்பொதி ஆகும்;
தாளொடு வருவது தாட்பொதி என்ப.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், வெளிநாட்டுச் சாமான் வீடு வந்து சேரும் வழி இரண்டு என உணர்த்துதல் நுதலிற்று. தாள் என்றது விலைச்சீட்டு, ஆதார் நகல், சுங்கப் படிவம் மூன்றையும். ஆள் என்றது சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மதுரை விமான நிலையத்தில் வந்து இறங்கும் சொந்தக்காரரை. ‘என்ப’ என்றதால் பலர் சொன்னதாக எண்ணிவிட வேண்டாம். நூற்பா என்றால் அப்படித்தான் முடிக்க வேண்டும்.

முதலில் தாட்பொதி. என் அப்பா விட்டுப்போன மைப்பேனாவின் நிப்பு தேய்ந்து, எழுதினால் தாளைக் கீறத் தொடங்கியது. ஜெர்மன் நிப்பு ஒன்று ஆன்லைனில் 1,200 ரூபாய்க்குக் கண்ணில் பட்டது. அனுப்புகூலி 1,480. பெண்ணைவிடச் சீர் பெரிது என்று அப்போதே எழுந்திருக்க வேண்டும். நான் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

சுங்கத்தின் கண்ணில் சாமானின் விலை என்பது கடைக்காரன் சொன்ன விலை மட்டும் கிடையாது. அதோடு அனுப்புகூலியும் இன்சூரன்ஸும் சேரும். அதாவது வண்டிச் சத்தத்துக்கும் வரி. இந்த இடத்தில் அரசாங்கத்துக்கு ஒரு மெல்லிய இரக்கம் உண்டு என்பதைப் பதிவு செய்கிறேன். விமானத்தில் வரும் சரக்குக்கு, கூலி எவ்வளவு ஆனாலும், சாமான் விலையில் 20 சதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதி சொல்கிறது. ஆகவே என் 1,480 ரூபாய் அங்கே 240 ஆகச் சுருங்கியது. இன்சூரன்ஸ் தொகை தெரியாவிட்டால் 1.125 சதம் என்று வைத்துக்கொள்வார்கள். அது பதின்மூன்றரை ரூபாய். ஆக மதிப்பு 1,453 ரூபாய் 50 காசு. இதன் மேல் அடிப்படைத் தீர்வை. தீர்வையின் தலையில் 10 சதம் சமூக நலக் கூடுதல் வரி. இத்தனையும் கூட்டிய தொகையின் தலையில் ஐ.ஜி.எஸ்.டி. கரகத்தின் மேல் கிளி மாதிரி ஒன்றின் மேல் ஒன்று நிற்கும். எனக்குச் சொல்லப்பட்ட தொகை அறுநூற்றுச் சொச்சம்.

அதுகூட வலிக்கவில்லை. ‘தங்கள் சார்பில் சுங்கத்தில் பணம் கட்டியதற்கான கட்டணம்’ என்று கூரியர்காரர்கள் 500 ரூபாய் போட்டு, அதற்கு 18 சதம் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 590 ஆக்கியிருந்தார்கள். வரி கட்டியதற்குக் கூலி, கூலிக்கு வரி. 1,200 ரூபாய் நிப்பு, வாசலுக்கு வரும்போது கிட்டத்தட்ட 3,900 ஆகும். தாட்பொதியை அத்துடன் விட்டேன்.

‘பரிசுன்னு எழுதி அனுப்பச் சொல்லுங்க’ என்பது எங்கள் தெரு டீக்கடையின் நிரந்தர ஆலோசனை. அதற்கு வயதாகிவிட்டது. பரிசு என்றால் 5,000 ரூபாய் வரை தீர்வை இல்லை என்று ஒரு காலம் இருந்தது. ஊரே பரிசு வாங்க ஆரம்பித்ததும் 2019 டிசம்பர் 12இல் அறிவிக்கை போட்டு அந்தக் கதவை அடைத்தார்கள். உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விதிவிலக்கு. ராக்கியோடு சேர்த்து அனுப்பும் பரிசுக்குக் கிடையாது என்று அடைப்புக்குறிக்குள் எச்சரிக்கை வேறு. கயிறு வரலாம், கயிற்றோடு மிட்டாய் வரக் கூடாது. வீரபாண்டி கௌமாரியம்மனுக்குக் கட்டுகிற காப்புக் கயிற்றை யாரும் வெளிநாட்டிலிருந்து தருவிப்பதில்லை என்பதால் இந்தச் சலுகையால் தேனி மாவட்டத்துக்கு நயா பைசா பிரயோசனம் இல்லை.

மீதி இருக்கும் ஒரே சந்து, சுங்கச் சட்டத்தின் 25(6)ஆம் பிரிவு. கட்ட வேண்டிய தீர்வை 100 ரூபாயோ அதற்குக் கீழோ என்றால் வசூலிக்க வேண்டாம் என்கிறது. பெருந்தன்மைதான். ஆனால் அந்த 100 ரூபாய்க்குள் அடங்குகிற சாமானைக் கடல் கடந்து யார் வாங்குவார்கள்? சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே கிடைக்கும்.

எதிர்த்திசைப் போக்குவரத்தையும் சொல்லாமல் விட்டால் ஆய்வு நொண்டும். தங்கச்சி மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். வருஷா வருஷம் தீபாவளிக்கு முறுக்கு போகும். 2016இலிருந்து அமெரிக்காவில் 800 டாலருக்குள் வரும் பொதிக்குத் தீர்வை கிடையாது என்பதால் முறுக்கு ராஜபாட்டையில் போய்க்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்ட் 29இல் அந்தச் சலுகையை எல்லா நாட்டுக்கும் எடுத்துவிட்டார்கள். யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்ற குழப்பத்தில் நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25ஆம் தேதியே அமெரிக்கப் பார்சல்களை நிறுத்தத் தொடங்கியது. திரும்ப ஆரம்பித்தது அக்டோபர் 15. தீபாவளி அக்டோபர் 20. ஐந்து நாளில் முறுக்கு அட்லாண்டிக்கைத் தாண்டாது. வல்லரசுகளின் வர்த்தகப் போரில் எங்கள் வீட்டில் தேங்கிய சரக்கு, இரண்டு தூக்குவாளி முறுக்கு. கார்த்திகை வரை நாங்களே தின்றோம்.

தனியார் கூரியரில் போடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு இருக்கிறது. அட்டைப்பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். வருகிற எண், தராசு காட்டும் எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். எங்கள் பெட்டி 40க்கு 30க்கு 25. வகுத்தால் 6 கிலோ. தராசில் வைத்தால் 3. மீதி 3 கிலோ எங்கே என்று பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். முறுக்குச் சுற்றுகளின் நடுவே இருந்தது. மேகமலையிலிருந்து இறங்கி வந்த அருமையான காற்றுத்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கிலோக் கணக்கில் கூலி கொடுத்து நியூஜெர்சிக்கு அனுப்ப எனக்கு வசதி போதாது. இதனால் பெறப்படுவது யாதெனின், வெளிநாட்டுக்குச் சீடை அனுப்பு, அதிரசம் அனுப்பு, முறுக்கு அனுப்பாதே. என் மனைவி இந்த முடிவை ஏற்கவில்லை. “அதிரசம் பதம் தப்புனா யாரு பாக்குறது? நீங்க வகுத்தலப் போட்டுட்டு உக்காந்துக்குவீங்க” என்பது அவர் மறுப்புரை.

எல்லை என்பது இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதும் இல்லை. கம்பத்தைத் தாண்டி மலை ஏறினால் குமுளி. திருவிதாங்கூர் தனி ராஜ்ஜியமாக இருந்தபோது அங்கே சவுக்கை போட்டுத் தீர்வை வாங்கினார்கள். 1865இல் பிரிட்டிஷாரும் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒப்பந்தம் செய்து பெரும்பாலான எல்லைத் தீர்வைகளை எடுத்தார்கள். புகையிலையை விடவில்லை. பிறகு விற்பனை வரிச் சோதனைச் சாவடி வந்தது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்து அதுவும் போனது. இத்தனைக்கும் நடுவே அரிசி மேலே ஏறியது, ஏலக்காய் கீழே இறங்கியது. இன்றும் விடியற்காலையில் இடுக்கித் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் பாருங்கள், யாரோ ஒருவர் மடியில் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்ட பை இருக்கும். ‘கொடுத்துவிடுதல்’ எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய கலை.

அந்தக் கலைதான் ஆட்பொதி. இதன் பொற்காலம் தொலைக்காட்சிப் பெட்டிக் காலம். சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் போன பிள்ளைகள் தட்டை டி.வி.யைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார்கள். 2013 ஆகஸ்ட் 26 முதல் அதற்கு வரிவிலக்கு இல்லை என்று ஆனது. அதன் பிறகு ஆட்பொதி சுருங்கிச் சின்னச் சாமான்களில் ஒதுங்கியது. 2016 விதிகள் பயணிக்கு 50,000 ரூபாய் வரை சாமானுக்குத் தீர்வை இல்லை என்றன. இந்தத் தொகை பயணிக்கு உரியது என்று அரசாங்கம் நினைக்கிறது. தெரு அப்படி நினைப்பதில்லை.

சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து வருகிறான் என்ற சேதி அவன் டிக்கெட் போடுவதற்கு முன்பே ஊரில் பரவிவிடும். “எத்தன கிலோ காலியா இருக்கு?” என்று கேட்பது நாகரிகம் இல்லை. “ஒண்ணுமில்லப்பா, ஒரு சின்ன டப்பாதான்” என்றே தொடங்க வேண்டும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தம்பி அங்கேயே நிப்பை வரவழைத்தான். அந்த ஊரிலும் 2023 ஜனவரி முதல் ஆன்லைனில் தருவிக்கும் சின்னச் சாமானுக்கு வரி உண்டு, இப்போது 9 சதம். “நூறு ரூவா சொச்சம்தாண்ணே, விடுங்க” என்றான். விட்டேன். விட்டது அங்கே, பிடித்தது இங்கே.

மதுரைக்குக் கார் பிடித்துப் போய் அவனை அழைத்து வர 3,500. மறுநாள் கறிச்சோறு. மூன்றாம் நாள் மேகமலை பார்க்க வேண்டும் என்றான். சிங்கப்பூர் திரும்பும்போது அரைக் கிலோ எட்டு மில்லிமீட்டர் ஏலக்காய், அதுவும் போடி ஏலத்து விலையைப் பேப்பரில் பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு வாங்கியது. இவை ரொக்கக் கணக்கு. ரொக்கத்தில் வராத கணக்கு சித்தியுடையது. கோயில், கல்யாணம், ரேஷன் கடை என்று எங்கே பார்த்தாலும், “இவனுக்கு நிப்பு கொண்டாந்ததே எம்மகன்தான்” என்று ஒரு அறிமுகம். அத்துடன், “நீ நகராட்சிப் பக்கம் போறப்ப எங்க வீட்டுக்கும் வீட்டு வரி கட்டிட்டு வந்துருய்யா” என்று ஒரு வேண்டுகோள். அரசாங்கத் தீர்வை ஒரு தடவை கட்டினால் ரசீது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சொந்தத் தீர்வைக்கு ரசீதும் இல்லை, காலக்கெடுவும் இல்லை. இரண்டு வீட்டு வரிக்கும் சேர்த்து நான் நகராட்சியில் வரிசையில் நின்றபோதுதான் சுங்கவியலில் எனக்குத் தெளிவு பிறந்தது.

நிப்பைப் பேனாவில் பொருத்த உட்கார்ந்தேன். பொருந்தவில்லை. நிப்புகளில் ஐந்தாம் எண், ஆறாம் எண் என்று அளவு இருக்கிறது. வந்தது ஐந்து. அப்பாவின் பேனாவுக்கு ஆறு. முப்பது நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று கடைக்காரன் போட்டிருந்தான். இன்னும் ஆறு நாள் பாக்கி.

தபால் நிலையத்தில் அந்தப் பெண் சுங்கப் படிவத்தை நீட்டினார். பரிசு, ஆவணம், விற்பனைப் பொருள், மாதிரி, திருப்பி அனுப்பும் பொருள், மற்றவை என்று கட்டங்கள்.

“எதுல டிக் அடிக்கணும் சார்?”

“திருப்பி அனுப்புறது.”

“அப்ப இது இந்தியாவுக்குள்ள வந்தப்ப குடுத்த சீட்டு இருக்குமே, அத வைங்க.”

இந்தியாவுக்குள் அது தம்பியின் சட்டைப் பையில் வந்தது. வந்ததற்கே அத்தாட்சி இல்லாத பொருளை எப்படித் திருப்பி அனுப்புவது? கடைக்குப் போவதால் பரிசு என்றும் எழுத முடியாது. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சித்திக்குப் போன் போட்டேன்.

“அதுக்கென்னய்யா, தைப்பொங்கலுக்கு மறுபடி வர்றான். போறப்ப கொடுத்துவிடு, அங்க போயி அனுப்பிருவான். அப்படியே எங்க வீட்டுத் தண்ணி வரியையும் கட்டிரு, ராசா.”