எத்தனை இலை?

திண்டிவனத்தில் மகளுக்கு ரிசப்ஷன். சமையல் கான்ட்ராக்டர் இலைக்கு இவ்வளவு என்று சொன்ன தொகையைக் கேட்டே வயிறு நிறைந்துவிட்டது. செலவைக் குறைக்க வழி உண்டா?
*— ஒரு வாசகர், விழுப்புரம்*

இலையில் 25 அயிட்டம் வைத்தாலும் வந்தவருக்கு வயிறு ஒன்றுதானே? 2020 ஊரடங்கில் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள். அந்தக் கல்யாணங்களில் எது செல்லாமல் போனது? பக்கத்திலேயே மயிலம் முருகன் சன்னிதி இருக்கிறது. அங்கே தாலி கட்டி, நெருங்கிய சொந்தத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு போட்டாலும் கல்யாணம் கல்யாணம்தான்.

மண்டபம்தான் என்றால், பத்திரிகை அச்சடிக்கும் முன்பே தலையை எண்ணுங்கள். இனிப்பு ஒன்று போதும், சாம்பார் சூடாக இருக்கட்டும். கடன் வாங்கிப் போடும் விருந்துக்கு, சாப்பிட்டவர் யாரும் வட்டி கட்ட மாட்டார்.