பலகையை வாசிக்காத மாமா

என் அக்கா மகன் லண்டனில் பிறந்து வளர்ந்தவன். விடுமுறைக்குக் கண்டிக்கு வந்திருந்தான். பிளேன்டீ குடித்துக்கொண்டே கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். அங்குள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியக வாசலில் இரண்டு பீரங்கிகள். பக்கத்தில் நிற்கிற ஆட்கள் நுளம்பு மாதிரித் தெரிகிறார்கள்.

ராமிலீஸ், ரெசல்யூஷன் என்று பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இரண்டு. அவற்றில் பூட்டியிருந்த குழல்கள் அவை. வாய் 15 அங்குலம், எடை ஒவ்வொன்றும் நூறு தொன். ஏறக்குறைய 880 கிலோ குண்டை 29 கிலோமீற்றர் எறியும். கண்டியில் வைத்துச் சுட்டால் மாத்தளையையும் தாண்டித்தான் விழும்.

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

“தம்பி, இந்தப் பீரங்கியெல்லாம் நம்ம கடலுக்கு வந்ததுதான். 1942ல ஜப்பான்காரன் கொழும்பிலயும் திருகோணமலையிலயும் குண்டு போட்டப்போ இந்த ரெண்டு கப்பலும் இந்துமா கடல்லதான் நின்னுச்சு.”

கப்பல்கள் வந்தது உண்மை. பையன் படத்தைப் பெரிதாக்கி, பக்கத்திலிருந்த விளக்கப் பலகையை வாசித்தான். ராமிலீசில் இருந்த குழலை 1941லேயே கழற்றிவிட்டார்களாம். ரெசல்யூஷன் குழல் அதற்கும் முன்னாலேயே இறங்கிவிட்டது. சுட்டுச் சுட்டுக் குழலின் உட்புறம் தேயும். கழற்றி வேறு குழல் பூட்டுவார்கள். பழையது பழுது பார்க்கப்பட்டு இன்னொரு கப்பலுக்குப் போகும். நம்ம பஸ்காரர்கள் டயர் மாற்றுவது மாதிரி. கப்பல் இலங்கைக்கு வந்தது, இந்தக் குழல் வரவில்லை.

“நீங்க பலகையை வாசிக்கல்லையா மாமா?”

லண்டன் பலகையை நான் எங்கே வாசிப்பது? ஆனாலும் மானம் போய்விட்டதே. கண்டிக்கும் ஒரு பீரங்கி இருக்கிறது, வா காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வழியெல்லாம் கதை. லெவ்கே திசாவ என்ற கண்டிப் பிரதானி 1740களில் அரசனுக்குக் கொடுத்த பீரங்கி. அப்போது ஆண்டவன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன், மதுரைச் சீமை நாயக்கர் குலம். வெண்கலம், வெள்ளி, பொன், சிவப்புக் கல். மேலே சூரியன், பிறை, சிங்கம். 1765ல் ஒல்லாந்து ஆளுநர் வான் எக்கின் படை கண்டி மாளிகையைக் கொள்ளையடித்தபோது தூக்கிக்கொண்டு போனார்கள். ஒல்லாந்து நாட்டு ரைக்ஸ்மியூசியத்தில் கிடந்து, 258 வருசம் கழித்து 2023ல் திரும்பி வந்தது. இவ்வளவும் சரி. ஒரு பிழைகூட இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள அருங்காட்சியகத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் சிரிக்காமல் சொன்னார்: “அது கொழும்பில ஐயா.”

கண்டிப் பீரங்கி கண்டியில்தான் இருக்கும் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. பத்திரிகையில் தலைப்பை மட்டும் வாசித்திருந்தேன்.

மிஞ்சியது பேராதனைப் பூங்கா. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியத் தளபதி மவுண்ட்பேட்டன் 1944ல் தென்கிழக்காசியத் தலைமையகத்தை அங்கேதான் கொண்டுவந்தார். அதைச் சொல்லிக்கொண்டே நாகலிங்க மரத்தடிக்குப் போனோம். ஆங்கிலத்தில் அதற்குப் பீரங்கிக் குண்டு மரம் என்றே பெயர். அடிமரத்தைச் சுற்றிக் கயிறு கயிறாகக் கொடி தொங்க, தேங்காயளவு காய்கள் பழுப்பு நிறத்தில் உருண்டு உருண்டு கிடந்தன. கீழே விழுந்து உடைந்த ஒன்றைப் பையன் காலால் தட்டினான். வந்த நாற்றத்தில் இரண்டு பேரும் நான்கடி பின்வாங்கினோம்.

“இதை மவுண்ட்பேட்டன் நட்டிருப்பார்” என்றேன். ‘இருப்பார்’ என்று சொன்னதற்காவது எனக்கு ஒரு புள்ளி போடலாம்.

பையன் ஒன்றும் பேசாமல் குனிந்து பலகையை வாசித்தான். 1901ல் நட்டது, பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவரும் அவர் மனைவியும். மவுண்ட்பேட்டன் பிறந்ததே 1900ல்.

அவன் லண்டனுக்குப் போய்விட்டான். லெவ்கே பீரங்கியைப் பார்க்க ஆசையுள்ளவர்கள் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். வழி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.