பால்மரப் பலகையில் யூ.எஸ்.பி.

கணினித் திரைக்குத் தாங்கி செய்ய வடக்கு சிலாங்கூரில் எளிதில் வாய்க்கும் பலகை ரப்பர் மரம், அதாவது பால்மரம். அங்குள்ள பத்தாங் காலி வட்டாரத்தில் பால்மரக் காடுகள் பலவும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டன. மரம் மட்டும் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சுமார் 25 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்ததற்கு ஓய்வூதியம் கிடையாது, மறுவேலை உண்டு. வெட்டிய கையோடு போரான் மருந்து ஊட்டிச் சூளையில் உலர்த்தாவிட்டால் பூஞ்சையும் வண்டும் குடியேறிவிடும். துண்டுகள் குட்டை என்பதால் கைவிரல்களைக் கோத்ததுபோல் பல்பல்லாக ஒட்டித்தான் பலகையாக்குகிறார்கள்.

கனம் 2 செ.மீ. போதும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வர வேண்டும் என்பதே உயரக் கணக்கு. முன்பெல்லாம் அந்தப் பணியைப் பழைய தொலைபேசிப் புத்தகங்கள் கூலியின்றிச் செய்தன. முன்பக்கம் செவ்வகமாக வெட்டி யூ.எஸ்.பி. ஹப்பைப் பதிக்கும்போதுதான் வீட்டு அரசியல் தொடங்குகிறது. யூ.எஸ்.பி. 2.0 முறையில் கணினி அளப்பது 500 மில்லி ஆம்பியர். தனி மின்னிணைப்பு இல்லாத ஹப் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக, நான்கு துளைகளுக்கும் தலைக்கு 100. குட்டி விசிறி, விளக்கு, கைப்பேசி மூன்றும் முந்தி உட்கார்ந்துவிட, வன்தட்டு ‘டிக் டிக்’ என்று முனகி அடங்கும். அடாப்டர் உள்ள ஹப் வாங்கினால் சிக்கல் தீரும். அந்த அடாப்டரைச் செருகச் சுவரில் ஒரு பிளக் காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.