எக்ஸல் பாதயாத்திரை

வேண்டுதல் வீட்டம்மாவுக்கு. நடப்பதும் அந்தம்மாதான். ஆனால் ஊர் திரும்பியதும் சின்னசேலம் டீக்கடையில் "திருவண்ணாமலைக்கு நடந்தே போய்ட்டு வந்துட்டோம்" என்று காலை நீட்டி உட்காருபவர் வீட்டுக்காரர். யாத்திரை முழுக்க அவர் பாதம் பட்ட இடம் டிவிஎஸ் எக்ஸல் மட்டுமே.

விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்புவார்கள். வண்டியின் முன்பக்கம் தண்ணீர் கேன், அதன்மேல் சுருட்டிய பாய், ஹேண்டிலில் கோடாலித் தைலமும் குளுக்கோஸும் போட்ட மஞ்சப்பை. அரை கிலோமீட்டர் முன்னால் போய், புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, செல்போனைப் பார்த்தபடி காத்திருப்பார். அந்தம்மா வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்ததும், "சரி, கெளம்பலாமா?" என்பார். அவர்தான் ஓய்வெடுத்துவிட்டாரே! போகிறபோக்கில், "செருப்பு போட்றாத புள்ள, பலன் போயிடும்" என்று ஒரு எச்சரிக்கை. அவர் காலில் ஷூ.

இருட்டில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. சேலம்–உளுந்தூர்பேட்டை சாலை நாலு வழியாக வந்து புறவழிச்சாலைகளில் இருவழியாகச் சுருங்கி, விபத்துக்குப் பெயர் வாங்கியது. அங்கே லாரிக்கும் மனைவிக்கும் நடுவில் சிவப்பு விளக்கோடு ஊர்ந்து வருவார். இதற்கு நான் அவருக்குப் பாதிப் புண்ணியம் எழுதிவைப்பேன்.

பின்னாலேயே வந்த நாய் திட்டத்தில் இல்லை. ஊர் எல்லை வரை வந்தது, கல்லை எடுத்தும் திரும்பவில்லை. கனியாமூர் போன்ற ஒவ்வொரு ஊர் முனையிலும் உள்ளூர் நாய்கள் வரிசை கட்டி நிற்க, குடையோடு வண்டியை விட்டு இறங்குவார். அன்றைக்கு அவர் நடந்த நடை அவ்வளவுதான். இடது பக்கம் கல்வராயன் மலை வெளுக்கும்போது நாய்ப் புராணம் தொடங்கும். 2019இல் திருமலையிலிருந்து நடந்த பதின்மூன்று ஐயப்ப பக்தர்களின் பின்னால் ஒரு தெருநாய் கர்நாடகம் வரை 480 கிலோமீட்டர் வந்தது செய்தியானது. இவர் சொல்லும்போது அது எழுநூறு. அடுத்து, தர்மரின் கடைசிப் பயணத்துக்குத் தாவுவார். பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த ஊர்க்காரர் அல்லவா? அதில் முதலில் விழுந்தவள் திரௌபதி, கடைசி வரை போனது நாய். எக்ஸலில் போனவர் யாரும் இல்லை.

கள்ளக்குறிச்சி தாண்டியதும் தார் கொதிக்கும். நாய் காலை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்து மனமிரங்கி, தூக்கிப் பாயின்மேல் உட்காரவைப்பார்.

"பாவம், வாயில்லா ஜீவன்."

"ஏங்க, வாயிருக்கிற ஜீவனுக்கு எடம் இல்லியா?"

"நீ வேண்டிக்கிட்ட புள்ள. அது வேண்டிக்கலியே."

முப்பது கிலோமீட்டருக்கு மேல் முடித்து ராத்திரி சங்கராபுரத்தில் படுக்கை. முதலில் முனகுபவர் அவர்தான். நடை வேகத்தில் எக்ஸல் ஓட்டினால் இடுப்பு என்ன ஆகும் என்று நடக்கிறவர்களுக்குத் தெரியாதாம். தைல பாட்டில் திறக்கும். வீங்கிய காலை மடக்கி உட்கார்ந்து அந்தம்மா அவர் இடுப்பில் தேய்த்துவிடுவார்.

மறுநாள் மூங்கில்துறைப்பட்டு, தென்பெண்ணைப் பாலம், அதற்கப்புறம் அண்ணாமலை. கிரிவலம் பதினாலு கிலோமீட்டர். பௌர்ணமிக் கூட்டத்தில் எக்ஸல் நுழையாது. அவர் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டுப் பாயை விரிப்பார்.

"நீ சுத்திட்டு வா புள்ள. நாய யாரு பாத்துக்கறது?"

நாய் அதற்குள் அந்தம்மாவுக்குப் பின்னால் போய்விட்டிருக்கும்.