முடிக்கும் உண்டு முதல் ரகம்

திருப்பதியில் மொட்டை போடுவதற்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டதாமே? (வாசகர், வேலூர்)

மொட்டை போடும் இடமான கல்யாணக்கட்டாவில் கத்தி இன்னும் மனிதர் கையில்தான். கம்ப்யூட்டருக்குப் போவது முடி! 2011-லிருந்து தேவஸ்தானம் அதை ஆன்லைனில் ஏலம் விடுகிறது. அங்குலக் கணக்கில் ரகம் பிரித்து, நரைமுடிக்கும் தனி ரகம் வைத்து விற்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் யாரென்று தெரிந்தால்தானே ஏலதாரர்கள் கூடிப் பேசி விலையை அமுக்க முடியும்? திரையில் தெரிவது தொகை மட்டும்.

கையில் ஸ்மார்ட்போன் இருந்தும் சித்தூர் மா விவசாயி ஏன் தவிக்கிறார்? (வாசகர், சித்தூர்)

போன் விலையைச் சொல்லும். விலையை வைப்பது மாம்பழக் கூழ் ஆலை. கிளிமூக்கு மாங்காய் பழுத்துவிட்டால் காத்திருக்காது. ஆலை வாசலில் டிராக்டர் நிற்க நிற்கப் பழம் அழுகும், பேரம் பேசும் பலமும் போகும். 2025-ல் விலை சரிந்தபோது, ஆலை கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அதற்கு மேல் 4 ரூபாயைத் தானே தருவதாக ஆந்திர அரசு அறிவித்தது. எந்த ஆலை எவ்வளவு கொள்முதல் செய்யும், எந்த வண்டிக்கு எந்த நேரம் என்று அறுவடைக்கு முன்பே போனில் வரட்டும். விவசாயிக்குத் தேவையான தகவல் தொழில்நுட்பம் அதுதான்.

திருப்பதிப் பெருமாள் ஷேர் மார்க்கெட்டில் இறங்கிவிட்டாராமே? (வாசகர், திருத்தணி)

இறங்கவில்லை, காணிக்கையாக ஏற்றுக்கொள்கிறார். பக்தர்கள் பங்குப் பத்திரத்தையே உண்டியலில் போட்ட காலம் உண்டு. 2015-ல் தேவஸ்தானம் டீமேட் கணக்கு திறந்தது. குபேரனுக்கு வட்டி கட்டுகிறவருக்கு டிவிடெண்ட் வந்தால் நல்லதுதானே?