நாளைக்குக் குத்துவார்

சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அவரேதான். ராசாவில், எங்கள் தாமானில், மூலை வீடு. உங்கள் தாமானில் எந்த வீடு என்பது உங்களுக்கே தெரியும்.

"நாளைக்குக் குத்திடுவேன் தம்பி" என்பார். வீட்டு முன்னாலிருக்கும் புல்தரையைத்தான். அந்த நாளைக்கு இப்போது மூன்று வயது நடக்கிறது.

சொல்வதில் பிழை ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. வீடு கட்டியவன் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய், லோரி ஏறி இறுகிக் கிடந்த செம்மண்ணின்மேல் கவ் கிராஸைப் பாய்போல விரித்துவிட்டான். வேருக்கு மூச்சில்லை. மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் சாக்கடைக்கு ஓடுகிறது. துளை போட்டால் சரியாகும். கோல்ஃப் திடல்களில் செய்வதுதான். வெறும் முள்ளால் குத்தினால் மண் பக்கவாட்டில் நெருங்கி இன்னும் இறுகும். உள்ளே குடைவான குழல் பல் வேண்டும். அது விரல் விரலாக மண்ணை உருவி மேலே போடும். அதை வாரக்கூடாது, மழையில் தானே கரையட்டும். பாருங்கள், நான் ஒரு கணக்காளன். எனக்கு இதெல்லாம் மனப்பாடம். துளையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் போட்டுவிட்டார், என் காதில்.

அந்த ஸ்க்ரூ டிரைவருக்கு வருவோம். மண் இறுகியிருக்கிறதா என்று சோதிக்க அதைத் தரையில் அழுத்திப் பார்க்கவேண்டுமாம். சுலபமாக இறங்கினால் நல்ல மண். தன் வீட்டில் ஒருமுறை சோதித்தால் போதாதா? தினமும் காலை ஏழு மணிக்கு மூன்று இடத்தில். பிறகு என் வீட்டில். பிறகு கோயில் வளாகத்தில், வேட்டியை மடித்துக் குந்தி. புது ஐயர் அதை ஏதோ பரிகாரம் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். ஒரு பதினாறாம் நாள் கருமாதியில் இறந்தவரின் மகனைத் தோளில் தட்டி, "அப்பா நல்லா வச்சிருந்தாரு தம்பி, மூணு அங்குலம் இறங்குது" என்று ஆறுதல் சொன்னார். பையன் தலையாட்டினான், பாவம்.

ஒரு ஞாயிறு கோலகுபு பாருவுக்கு அழைத்துப் போனேன். பழைய கோலகுபு 1883-இல் அணை உடைந்து மூழ்கிய ஊர். அதன் பின்னும் ஈயச் சுரங்க மண் வந்து ஆற்றைத் தூர்க்க, வெள்ளம் ஓயவில்லை. கடைசியில் 1920-களில் சார்ல்ஸ் ரீட் என்ற நகரத் திட்டக்காரர் மேட்டில் ஒரு தோட்ட நகரமாகவே புது ஊரை வரைந்துகொடுத்தார். இந்த வரலாற்றையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே நடந்தேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். திடலின் நடுவில் குந்தியிருந்தார். "நாலு அங்குலம்! வெள்ளைக்காரன் போட்டதுன்னா போட்டதுதான்!" அங்கே பந்து விளையாடிய மலாய்ப் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மற்ற ஏற்பாடுகளும் உண்டு. புல்லைக் கட்டையாக வெட்டுவார். தரைக்கடியில் தண்ணீர்க் குழாய் ஓடும் இடத்தில் சிவப்புக் கொடி நடுவார். முதல்நாள் தண்ணீர் பாய்ச்சுவார். மண் சேறாகவும் இருக்கக்கூடாது, கட்டியாகவும் இருக்கக்கூடாது. மலையடிவாரத்து ராசாவில் அப்படிப்பட்ட பொழுது, காலை வெயிலுக்கும் மாலை மழைக்கும் நடுவில் சுமார் ஒரு மணி நேரம் வரும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்.

சிரித்துச் சொல்லிவிட்டேன், இதைச் சிரிக்காமல் சொல்கிறேன். போன வருடம் தண்ணீர் வெட்டு அறிவித்து, நாங்களெல்லாம் தோங் தோங்காகப் பிடித்து வைத்த இரவில், இந்த மனிதர் விடிய விடிய புல்லுக்குக் குழாயைத் திறந்துவிட்டார். அந்த ரப்பர் குழாய் என்னுடையது. அளவு நாடாவும் என்னுடையது. ஸ்க்ரூ டிரைவரும் என்னுடையதுதான்.

ஆனால் கோபம் நிற்கமாட்டேன் என்கிறது. தோட்டத்தில் முப்பது வருடம் கிராணியாராக இருந்தவர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கூப்பிட்டு, யார் எந்த நிரை, யார் மருந்தடிக்க என்று பிரித்து அனுப்புவதே அவர் வேலை. அனுப்பிவிட்டால் அவர் வேலை முடிந்தது. பால் மரம் சீவுவது மற்றவர்கள். இப்போதும் புல்தரைக்கு ஒழுங்காகப் பெரட்டு எடுக்கிறார். காட்டுக்குப் போகத்தான் ஆள் இல்லை. அதிலும், அவர் அனுப்பிய பெண்கள் முதுகில் பம்பு கட்டிக்கொண்டு அடித்த மருந்தெல்லாம் புல்லைக் கொல்லத்தான். அதில் ஒன்றான பாரகுவாட்டை 2020-இல் அரசாங்கமே தடை செய்துவிட்டது. அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் அவர் ஸ்க்ரூ டிரைவரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

போன மாதம் உண்மையாகவே நாள் குறித்தாயிற்று. மிஷின் வாடகைக்குச் சொல்லி, எண்பது வெள்ளி முன்பணமும் கொடுத்தார். புல் வெட்டியாயிற்று, தண்ணீர் விட்டாயிற்று, பன்னிரண்டு கொடி நட்டாயிற்று. விடியற்காலை ஏதோ சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்து மாடுகள், ஒன்பதோ பத்தோ, கேட் திறந்து கிடந்த மூலை வீட்டில் பந்தி உட்கார்ந்திருந்தன. ஈரத்தரை முழுக்கக் குளம்புப் பள்ளம். ஒரு கன்று சிவப்புக் கொடியை மென்றுகொண்டிருந்தது.

கைலியோடு ஓடி வந்தார். ஒரு பள்ளத்தருகே குந்தினார்.

"மாமா, துளை விழுந்துடுச்சே!" என்றேன்.

"அறிவில்லாம பேசாதீங்க தம்பி. குளம்பு மிதிச்சா மண்ணு இன்னும் இறுகும்" என்றவர், ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பார்த்தார். அரை அங்குலம் இறங்கியது. அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

"எல்லாம் முதல்லேர்ந்து செய்யணும்" என்றார். "அளவு நாடா வீட்டுல இருக்கா?"