‘ப்ரீபோன்’ ஏவல்வினையே என நிறுவியது

ஒரு கூட்டத்தைக் குறித்த நேரத்துக்கு முன்பே நடத்திவிடுவதை ‘ப்ரீபோன்’ என்கிறோம். லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ இதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பினால், எழுத்துப்பிழையோ என்று விழிப்பார்கள். பெங்களூரு வைட்ஃபீல்டில் டீ கொண்டுவரும் பையனுக்குக்கூட இது விளங்கும். இச்சொல் காலத்தைக் குறிக்கும் என்பது பொதுவாக எல்லாரும் கொண்ட கருத்து. அன்று என்பது எம் துணிபு.

முதலில் வரலாறு. ‘முன்னே வைத்தல்’ என்ற பொருளுடைய லத்தீன் வினை இதன் தாய். 1549-இல் ராபர்ட் குரோலி சங்கீதங்களை ஆங்கிலச் செய்யுளாக்கியபோது, ஆண்டவரைக் கண்முன் நிறுத்துதல் என்ற பொருளில் இதைக் கையாண்டார். அன்று இது இடத்தைக் குறித்த சொல். 1913-இல் நியூயார்க் டைம்ஸுக்குக் கடிதம் எழுதிய ஒருவர், இந்த அவசர யுகத்தில் வக்கீல்களுக்கு உதவுமே என்று, ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிராக இதைத் தாமே உண்டாக்குவதாக அறிவித்தார். வழக்கைச் சீக்கிரம் முடிக்கத் துடிக்கும் வக்கீலை அவர் எங்கே கண்டாரோ! அமெரிக்கா அந்தக் கடிதத்தைப் படித்து மடித்து வைத்துவிட்டது. இந்தியா பிற்பாடு எடுத்துப் புழங்கியது. ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியும் வேறு வழியின்றி இடம் கொடுத்திருக்கிறது.

இச்சொல் இல்லாமல் ஆங்கிலேயர் படும் பாடு தனிக்கதை. ‘புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் முன்னால் நகர்த்தியாயிற்று’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், கேட்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் திங்கள் என்கிறார்கள், மீதிப்பேர் வெள்ளி என்கிறார்கள். லேரா போரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்கரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் இக்கேள்வியை விமான நிலையத்தில் கேட்டுப் பார்த்தார்கள். யாரையோ அழைத்துப்போகக் காத்து நின்றவர்களைவிட, பறந்து வந்து இறங்கியவர்கள் ‘வெள்ளி’ என்றது அதிகம். உடல் நகர்ந்தால் காலமும் அந்தத் திசையிலேயே நகர்கிறதாம். இதே ஆய்வை ஹோப் ஃபார்ம் சந்திப்பில் மாலை ஏழு மணிக்கு நடத்தத் திட்டமிட்டோம். நகரும் மனிதர் எவரும் அகப்படாததால் கைவிட நேர்ந்தது. 2023-இல் மெட்ரோ காடுகோடி வரை வந்தபின் சிலர் நகர்வதாகக் கேள்வி.

இச்சிக்கல் தமிழனுக்குப் பழையது. இலக்கண நூலில் உயிரீற்றின் ‘முன்’ வல்லினம் என்றால், அந்த வல்லினம் உயிருக்குப் பிறகு ஒலிப்பது. உரைகாரர்கள் இடமுன் வேறு, காலமுன் வேறு என்று பிரித்துக்காட்டித்தான் மாணவரைக் கரையேற்றினார்கள். அவர்களுக்கு ஒரு ‘ப்ரீபோன்’ கிடைத்திருந்தால் உரையில் சில பக்கம் மிச்சமாகியிருக்கும்.

இனி வைட்ஃபீல்ட். ஆங்கிலோ இந்தியரும் யுரேசியரும் உழுது பிழைக்கட்டும் என்று மைசூர் மகாராஜா கொடுத்த 3,900 ஏக்கரில், 1882-இல் டி. எஸ். வைட்டின் முயற்சியால் உண்டான ஊர் இது. ஆங்கிலம் பேசுவோருக்காகவே எழுந்த ஊராயினும் இச்சொல் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அறுவடையை யாரால் ப்ரீபோன் செய்ய முடியும்? 1990-களில் ஐடிபிஎல் தொழில்நுட்பப் பூங்கா எழும்பி, மேலதிகாரி என்ற இனம் பெருகிய பின்பே சொல்லுக்கு வேர் பிடித்தது.

சான்று, துணைவினையில் இருக்கிறது. மேனேஜர் வந்து, “கால் ஆறரைக்கு ப்ரீபோன் ஆயிடுச்சுப்பா” என்பார். மழை பெய்தாற்போல, அது தானே ஆகிவிட்டது. அதே செய்தியை அவருக்குக் கீழே இருப்பவர் வீட்டுக்குச் சொல்கையில், “ப்ரீபோன் பண்ணிட்டாங்கம்மா” என்பார். பண்ணியவர் பெயர் வராது. பலர்பால் விகுதி மட்டும் வரும். பக்கத்து மேசைக் கன்னடக்காரரும் ‘ஆய்த்து’, ‘மாட்பிட்ரு’ என்று இதே இலக்கணத்தைத்தான் கடைப்பிடிக்கிறார். “நான் ப்ரீபோன் பண்ணினேன்” என்ற தன்மை ஒருமை வடிவத்தை எந்தக் கேன்டீனிலும் கேட்டதில்லை. எனவே இது காலச்சொல் அன்று. மேலிருந்து கீழே பாயும் ஏவல். கீழே இருப்பவர் கேட்கக்கூடியது போஸ்ட்போன் மட்டுமே, அதையும் ‘இஃப் பாசிபிள்’ சேர்த்துத்தான்.

மேலே என்றால் எவ்வளவு மேலே? அமெரிக்க நாடாளுமன்றம் வரை. 2005-இல் அங்கே இயற்றி 2007 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுகிறார்கள். நியூயார்க்கின் காலை ஒன்பது மணிக் கூட்டம் அதுவரை நமக்கு இரவு ஏழரைக்கு வரும்; மறுநாள் திங்கள் முதல் ஆறரைக்கே வந்து நிற்கும். அங்கே எவரும் எதையும் மாற்றவில்லை, அதே ஒன்பது மணிதான். இங்கோ ஊர் முழுக்க ஒரே நாளில் ப்ரீபோன் ஆகிறது. நவம்பரில் அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கும். அதற்குள் நீச்சல் வகுப்பு, பாட்டு வகுப்பு நேரமெல்லாம் மாற்றியாகிவிடும்.

விதிவிலக்கு உண்டா? உண்டு. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரையுள்ள ராகு காலத்தை அசைக்கும் அதிகாரம் எந்த வைஸ் பிரசிடென்டுக்கும் இல்லை. ஆடிக்கு முந்தித் தாலி கட்டிவிட வேண்டுமென்று கல்யாணத்தை ஆனிக்கு இழுப்பதும் சேராது. அங்கே ஏவுபவர் மாமனார்.

உண்மையில் சங்கடம் தரும் சான்று ஒன்றே. வேலையை விடுகிறவர், தொண்ணூறு நாள் நோட்டீஸில் கடைசி நாளை ப்ரீபோன் செய்யும்படி எச்.ஆருக்கு எழுதுகிறார். கீழிருந்து மேலே போகும் இந்த ஒரே வழக்கு எம் கொள்கையை உடைத்துவிடுமோ என்று அஞ்சினோம். ஆனால் பதில் ‘வீ வில் ரிவர்ட்’ என்றே வருகிறது. நம்மூரில் அதற்கு ‘பதில் எழுதுவோம்’ என்று பொருள். ஆங்கிலேயருக்கோ ‘பழைய நிலைக்கே திரும்புதல்’. எழுதியவர் இன்னும் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பதால், இந்த ஓர் இடத்தில் ஆங்கிலேயர் பொருளே கொள்ளத்தக்கது.